கிரிப்டோ மோசடி: அடையாளம் ஒருவருடையது, சாவி இன்னொருவருடையது

கிரிப்டோ நாணயம் ஒருவர் உடைமையாக அனுபவிக்கவும், இன்னொருவரிடம் நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்து வைக்கவும் தக்க சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபர் 25 அன்று ஓர் உத்தரவில் குறிப்பிட்டார். மறுபுறம், டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ந்து, அங்கு சொன்னபடி யுஎஸ்டிடி என்ற, டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயத்தை வாங்கி அனுப்பிவிட்டுப் பணத்தை இழந்தவர் புகார் கொடுக்கப் போனால், அனுப்பிய நாணயத்தைத் திருப்பி வாங்குவது மிகக் கடினம் என்றே பெரும்பாலும் கேட்டுத் திரும்புகிறார். சொத்து என்று நீதிமன்றமே சொன்ன பிறகு ஏன் மீட்க முடியவில்லை என்ற குழப்பம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இப்படிப் பணம் போட்டவர்களுக்கு எழுவது இயல்பே. இந்தக் குழப்பத்துக்கு விடை தொழில்நுட்பத்தில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி, நாணயம் யார் பொறுப்பில் இருந்தது, அந்தப் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் யாருக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது.

நீதிமன்றம் எந்த வழக்கில் அப்படிச் சொன்னது

வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. எக்ஸ்சேஞ்ச் என்பது ரூபாயைக் கொடுத்துக் கிரிப்டோ வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனம். வாங்கியதைப் பெரும்பாலும் அதுவே வைத்திருக்கும். இந்தத் திருட்டின் பின்னணியில் வடகொரியா இருப்பதாக அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருடப்பட்டவை ஈத்தீரியம் வலையமைப்பின் ஈத்தர் நாணயமும் அந்த வலையமைப்பைச் சார்ந்த டோக்கன்கள் எனப்படும் பிற நாணயங்களும் ஆகும். ஆனால் நிறுவனமோ, இழப்பை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தது. திருட்டில் சிக்காத எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த சென்னை முதலீட்டாளர் ஒருவர், தன் சொத்தைக் கொண்டு பிறருடைய இழப்பை ஈடுகட்டக் கூடாது என்று நீதிமன்றத்தை நாடினார். அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்தது.

அவருக்குச் சாதகமாக இருந்தவற்றைக் கவனித்தால் மற்றவர்களின் நிலை விளங்கும். அவர் எதிர்த்து வழக்காட அடையாளம் தெரிந்த ஒரு நிறுவனம் இருந்தது. அந்த நிறுவனத்தில் அவர் பெயரிலேயே சரிபார்க்கப்பட்ட கணக்கு இருந்தது. பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதற்குப் பதிவு இருந்ததால், வழக்கை இங்கேயே விசாரிக்க முடியும் என்ற வாதமும் நின்றது. டெலிகிராம் குழுவில் இழந்தவரிடம் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. நாணயம் சொத்துதான், ஆனால் அந்தச் சொத்தை யாரிடம் கேட்பது என்பதற்கு அவரிடம் பெயர் கிடையாது.

பதிவுபெற்ற நிறுவனம் என்பதாலேயே எல்லாம் பத்திரம் என்றும் இதற்குப் பொருளில்லை. இதே வசீர்எக்ஸ் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே அதன் நிறுவனர்களுக்கும் பைனான்ஸ் (Binance) என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கும் 2022 ஆகஸ்டில் வெளிப்படையான தகராறு மூண்டது. 2024 திருட்டுக்குப் பிறகு, தவறு தங்களுடையதன்று என்று எக்ஸ்சேஞ்சும் நாணயக் காப்பு நிறுவனமும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டின. டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போயிருந்தன; பின்னர் அவற்றில் 2,00,000 மட்டும் ஒரு பழைய வாலட்டில், அதாவது நாணயத்தின் சாவியை வைக்கும் மின்பையில், கண்டெடுக்கப்பட்டன.

பிளாக்செயின் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

கிரிப்டோவில் எல்லாமே ரகசியம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. பிட்காயின் போன்ற நாணயங்களில் ஒவ்வொரு பரிமாற்றமும் உலகில் எவரும் படிக்கும்படி பிளாக்செயின் என்ற பொது ஏட்டில் நிரந்தரமாகப் பதிவாகிறது. ஒரு கிராமத்தின் நிலப் பதிவேட்டில் புல எண்களும் அவற்றின் மீது நடந்த பரிமாற்றங்களும் அனைவரும் பார்க்கும்படி எழுதப்பட்டு, உரிமையாளர் பெயருக்கான கட்டம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட ஏடு இது. ஒரே ஓர் எண்ணுக்கு உரியவர் யார் என்று தெரிந்துவிட்டால், அவருடைய கொடுக்கல் வாங்கல் முழுவதும் பின்னோக்கித் தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல சான்று பிட்ஃபினெக்ஸ் வழக்கு. 2016 ஆகஸ்டில் அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 1,20,000 பிட்காயின்கள் திருடுபோயின. அவை பல கைமாறின, பல சிறு தொகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஆனாலும் தடம் அழியவில்லை. ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், அமெரிக்க நீதித்துறை 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களைக் கைப்பற்றியது; அவற்றின் சாவிகள் இணையச் சேமிப்பகத்தில் இருந்த ஒரு கோப்பிலிருந்து கிடைத்தன. தடம் மட்டும் போதாது, சாவியும் வேண்டும் என்பதையும் இதே வழக்கு காட்டுகிறது.

சாவி என்பது நாணயத்தைச் செலவிட அதிகாரம் தரும் ரகசிய எண். மனிதர் நினைவில் வைக்க எளிதாக அதை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களின் வரிசையாக எழுதித் தருவார்கள். இந்தச் சொற்களை அறிந்தவர் எவரோ அவரே உரிமையாளர் என்று வலையமைப்பு ஏற்கும். வேறு சான்று எதையும் அது கேட்காது. மறந்தவருக்கு மாற்றுச் சாவி தர எந்த அலுவலகமும் இல்லை. அனுப்பிய பரிமாற்றத்தை ரத்து செய்யும் அதிகாரமும் பிட்காயினில் எவருக்கும் கிடையாது. யுஎஸ்டிடி போன்ற டாலர் மதிப்பு நாணயங்களில் மட்டும், வெளியிடும் நிறுவனம் (யுஎஸ்டிடிக்கு டெதர்) குறிப்பிட்ட முகவரியை முடக்க முடியும்; காவல்துறையின் முறையான கோரிக்கை விரைவாகப் போனால் இது சில நேரங்களில் பயன்படும். ஏமாந்தவர் முதல் நாளிலேயே புகார் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைவை நாடுவது குற்றமன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைத்துச் சேர்த்ததில் ஒரு பகுதியைக் கிரிப்டோவில் வைத்திருக்கும் அதிராம்பட்டினத்துக்காரர் தன் வாலட் முகவரியைக் குழுவில் ஒரு முறை பதிவிட்டால் போதும், அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது உறவினர் முதல் திருடர் வரை அனைவருக்கும் தெரிந்துவிடும். வங்கி இருப்பை வாசலில் எழுதிவைக்க எவரும் விரும்பமாட்டார்கள். தடத்தைக் குழப்பித் தரும் டொர்னாடோ கேஷ் என்ற மென்பொருள் மீது அமெரிக்கா 2022 ஆகஸ்டில் தடை விதித்து 2025 மார்ச்சில் நீக்கியதும் இந்த இழுபறியின் விளைவுதான்: அதே கருவியைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள், தன் சேமிப்பு பிறர் கண்ணில் படக் கூடாது என்று நினைக்கும் நேர்மையானவரும் பயன்படுத்துகிறார்.

மோசடி நடக்கும் வரிசை

டெல்டாவில் பணம் காலங்காலமாக ஆள் தெரிந்தே கைமாறி வந்திருக்கிறது. கைமாற்று, ஏலச்சீட்டு, நகைக்கடன், வெளிநாட்டிலிருந்து உண்டியல் வழியாக வரும் தொகை எல்லாவற்றிலும், இன்னார் வீட்டுப் பிள்ளை, இந்தத் தெருவில் வீடு என்ற அறிவே பிணையாக நின்றது. 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கிய இன்றைய சிட்டி யூனியன் வங்கியைப் போன்ற, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கடமையுள்ள நிறுவனங்களும் இதே மண்ணில்தான் முளைத்தன. ஆள் தெரிந்த நம்பிக்கை முறிந்த நிகழ்வுகளும் உண்டு. கும்பகோணத்தில் ஹெலிகாப்டர் சகோதரர்கள் என்று ஊரார் அழைத்த இருவர் 2021 ஆகஸ்டில் முதலீட்டு மோசடிப் புகாரில் கைதானார்கள். அதற்குக் கிரிப்டோ தேவைப்படவில்லை.

கிரிப்டோ மோசடி இந்தப் பழைய நம்பிக்கையை அழிப்பதில்லை, அதையே ஏணியாகப் பயன்படுத்துகிறது. பெரும்பாலும் நடப்பது இந்த வரிசையில்தான்:

1. குழுவில் சேர்ப்பவர் அந்நியராக இருப்பதில்லை. சித்தி மகனோ, பள்ளித் தோழரோ, துபாயில் ஒரே அறையில் தங்கியிருந்தவரோ சேர்க்கிறார். அவருக்கும் உண்மை தெரியாது. அவருக்கு முதல் மாதத் தொகை வந்திருக்கிறது, அதை நம்பி அழைக்கிறார்.

2. ஒரு செயலியில் இருப்புத் தொகை நாள்தோறும் கூடுகிறது. அந்த எண்ணுக்கும் பிளாக்செயினுக்கும் தொடர்பே இருக்காது. செயலியை நடத்துபவர் தன் கணினியில் தட்டும் எண் அது. உலகம் முழுவதும் சுமார் 400 கோடி டாலர் திரட்டியதாக அமெரிக்க அரசுத் தரப்பு கூறும் ஒன்காயின் என்ற திட்டத்துக்கு உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. அதைத் தொடங்கிய ருஜா இக்னாடோவா 2017 அக்டோபரிலிருந்து தலைமறைவாக இருக்கிறார்.

3. சிறு தொகையை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். 5,000 ரூபாய் உடனே வங்கிக்கு வந்துவிடும். நம்பிக்கை உறுதிப்படுவது இங்கேதான். அந்தப் பணம் அடுத்துச் சேர்ந்தவர் போட்டது.

4. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை கணக்கில் ஏறிய சமயம் போன்ற, மொத்தமாகப் பணம் கையிருக்கும் நேரத்தில் பெருந்தொகை போடத் தூண்டுவார்கள்.

5. எடுக்க முயலும்போது தடை வரும். வரி கட்ட வேண்டும், சரிபார்ப்புக் கட்டணம் கட்ட வேண்டும், கணக்கை உயர்நிலைக்கு மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். உண்மையான வரி எதுவும் முன்கூட்டி ஒரு செயலிக்கு அனுப்பும்படி இந்தியாவில் கேட்கப்படுவதில்லை.

6. எல்லாம் போன பிறகு, இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். முன்பணம் கேட்பார். இவரும் அதே கும்பலைச் சேர்ந்தவராகவோ, ஏமாந்தவர் பட்டியலை விலைக்கு வாங்கியவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் பெரும் அளவில் நடந்த கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் தருவதாக வாக்களித்தது. அதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் 10 விழுக்காடு மறுமுதலீடு செய்யப்பட்டால் 1 லட்சம் ரூபாய் ஓராண்டில் 3,13,000 ரூபாயைத் தாண்டிவிடும். எந்தத் தொழிலும் எல்லா உறுப்பினருக்கும் இதைத் தொடர்ந்து ஈட்டித் தர இயலாது. ஆகவே புதிதாக வருபவர் பணம் முன்பே சேர்ந்தவருக்குத் தரப்படுகிறது என்பதைத் தவிர வேறு விளக்கமில்லை. பிட்காயினில் தருவதாகச் சொன்ன வருவாயை அந்தத் திட்டம் பின்னர் எம்கேப் என்ற தன் சொந்த நாணயத்தில் கொடுக்கத் தொடங்கியது. அதன் மதிப்போ மிகக் குறைவு. பிரபலமான நாணயத்தில் வாங்கி, எவரும் வாங்காத நாணயத்தில் திருப்பித் தரும் இந்த மாற்றம் எங்கே தென்பட்டாலும் அது முடிவின் தொடக்கம் என்று கொள்ளலாம்.

குழுவில் இனிமையாகப் பேசும் மறுமுனை ஆளைப் பற்றியும் ஒரு சொல். மியான்மரின் மியாவடிப் பகுதியில், வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு இத்தகைய மோசடிப் பேச்சுக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். ஏமாற்றும் விரல்களும் சில நேரம் அடைபட்டவையே.

ஆவணம் தருபவர் யார், பெறுபவர் யார்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். மோசடிக் குழுவில் சேரும்போது உறுப்பினர் ஆதார் நகல், பான் அட்டை, கையில் அட்டையைப் பிடித்த படம், வங்கிக் கணக்கு எண் ஆகிய எல்லாவற்றையும் கொடுக்கிறார். நடத்துபவர் கொடுப்பது ஒரு புனைபெயரும் ஒரு வாலட் முகவரியும் மட்டுமே. எவர் மறைந்திருக்கக் கூடாதோ அவர் முழுமையாக மறைந்திருக்கிறார். எவருக்குப் பாதுகாப்பு வேண்டுமோ அவர் முழுமையாக வெளிப்பட்டு நிற்கிறார்.

சட்டம் கேட்பது இதற்கு நேர்மாறான ஏற்பாடு. 2023 மார்ச் 7 அறிவிக்கையின்படி, இந்தியாவில் கிரிப்டோ சேவை தரும் நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவுசெய்ய வேண்டும். பதிவில்லாத ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு அப்பிரிவு 2023 டிசம்பரில் நோட்டீஸ் அனுப்பியது. அவற்றுள் ஒன்றான பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் உரிமை, தன்னையும் அறியத் தந்த நிறுவனத்துக்கே உண்டு என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

முறையான நிறுவனத்திடம் கொடுத்த ஆவணமும் கசியக் கூடும். வாலட் கருவி விற்கும் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து கசிந்த 2,70,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை 2020 டிசம்பரில் வெளியாயின. அவர்களுக்கு மிரட்டல்களும் போலிக் கடிதங்களும் வந்தன. காயின்பேஸ் என்ற அமெரிக்க எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் உதவிப் பணியாளர்கள் சிலர் கையூட்டு வாங்கி 69,461 பேரின் விவரங்களைக் கசியவிட்டது 2025 மே மாதத்தில் வெளிவந்தது. எனவே, உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கு விவரம் சரியாகச் சொல்லும் ஒருவர் தொலைபேசியில் பேசினால், அது அவர் அந்த நிறுவனத்தவர் என்பதற்குச் சான்றாகாது.

முடங்கும் வங்கிக் கணக்கு

எக்ஸ்சேஞ்சை விட்டு நேரடியாக ஒருவருக்கொருவர் யுஎஸ்டிடி விற்று வாங்குவதை பி2பி என்கிறார்கள். விற்பவர் நாணயத்தை அனுப்புகிறார், வாங்குபவர் யுபிஐ வழியே ரூபாய் அனுப்புகிறார். விலை ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைப்பதே கவர்ச்சி. வந்த ரூபாய் வேறொரு மாநிலத்தில் எவரையோ ஏமாற்றிப் பெற்றதாக இருந்தால், அந்த ஏமாந்தவர் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்தவுடன், பணம் சென்ற கணக்குகள் அடுக்கடுக்காகத் தேடப்பட்டு முடக்கப்படும். காவல்துறைக்கு அந்த அதிகாரத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு தந்தது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு தருகிறது.

விளைவு கடுமையானது. மன்னார்குடியில் ஒருவர் 20,000 ரூபாய்க்கு யுஎஸ்டிடி விற்றார் என்று வைத்துக்கொள்வோம். நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல்லுக்குச் செலுத்திய தொகையும், பயிர்க்காப்பீட்டுத் தொகையும் அதே கணக்கில்தான் இருக்கின்றன. கணக்கு முடங்கினால் அவையும் நிற்கும். விளக்கம் கேட்கும் காவல் நிலையமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். விற்றவர் குற்றவாளி அல்லர் என்பதைக் காட்ட, வாங்கியவரின் சரிபார்க்கப்பட்ட பெயர், நாணயம் அனுப்பிய பரிமாற்ற எண், இருவருக்குமான உரையாடல், வரிப் பதிவு ஆகியவை வேண்டும். பெயர் தெரியாதவரிடம் விற்றதால் இவற்றில் முதலாவதே இருக்காது.

இதைவிட மோசமானது கணக்கை வாடகைக்குக் கொடுப்பது. மாதம் சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காகக் கல்லூரி மாணவர்கள் தங்கள் வங்கிக் கணக்கு, ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கொடுத்துவிடுகிறார்கள். மோசடிப் பணம் கிரிப்டோவாக மாறும் முன் கடைசியாக நிற்கும் பெயர் அந்த மாணவருடையதாகிவிடுகிறது. விசாரணை முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பெற்றோர் இதைத் தங்கள் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி, 2022 ஜூலை 1 முதல் பரிமாற்றத்தில் 1 விழுக்காடு டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்தம் செய்யும் வரி). ஒரு நாணயத்தில் வந்த இழப்பை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க முடியாது. வரி விதிக்கப்படுவதால் அரசு அந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் தந்துவிட்டது என்று மோசடிக்காரர்கள் சொல்வது உண்மையன்று.

குழுவுக்குள் மூளும் தகராறு

பணம் நின்ற நாளிலிருந்து குழு இரண்டாகப் பிரியும். பொறுமையாக இருங்கள், புகார் கொடுத்தால் வரவேண்டியதும் வராது என்பார் ஒரு சாரார். சேர்த்தவரின் படம், வீட்டு முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை எல்லாக் குழுக்களிலும் பரப்புவோம் என்பார் மறுசாரார். இரண்டுமே கேடு விளைவிக்கும். முதலாவது, கணக்குகள் முடக்கப்படுவதற்குள் பணம் நழுவ நேரம் தருகிறது. இரண்டாவது, பெரும்பாலும் தானும் ஏமாந்த ஒருவரை ஊர் முன் நிறுத்திவிட்டு, உண்மையில் நடத்தியவரைத் தப்பவிடுகிறது. பரப்பியவர் மீதே வழக்கு வரவும் இடமுண்டு. திருடர் என்று சந்தேகிக்கப்படுபவரின் வாலட் முகவரியையும் பரிமாற்ற எண்களையும் காவல்துறையிடம் கொடுப்பதே பயனுள்ள அம்பலப்படுத்தல், ஏனெனில் அழியாத சான்று அவைதான்.

சேர்த்தவருக்குச் சட்டப் பொறுப்பு உண்டா என்ற கேள்வி பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பொய்யென்று அறிந்தே வாக்குறுதி கூறி ஒருவரை அத்தகைய திட்டத்தில் சேரத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அறிந்தே என்ற சொல்தான் எல்லைக்கோடு. முதல் மாதத்தில் தெரியாமல் அழைத்த மைத்துனரும், பணம் வராது என்று தெரிந்த பின்னும் கமிஷனுக்காகப் புதியவர்களைச் சேர்த்தவரும் ஒரே நிலையில் இல்லை. வைப்புத் தொகை பெற்றுத் திருப்பித் தராத நிறுவனங்களின் சொத்தை முடக்கி முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர, 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. அதன்கீழான புகார்களைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது.

ஆகவே, சேர்த்தவரும் சேர்ந்தவரும் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பதற்கு முன், 1930 எண்ணிலும் மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும். குழு உரையாடல்களை அழிக்காமல், செயலியின் ஸ்கிரீன்ஷாட்கள், வாலட் முகவரிகள், பரிமாற்ற எண்கள், வங்கி அறிக்கை ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒழுங்குசெய்து, தனித்தனியாக அன்றி ஒரே புகார்த் தொகுப்பாகக் கொடுத்தால் பணத்தின் தடம் விசாரிப்பவருக்கு விளங்கும். தனக்கு மேலே யார் சேர்த்தார், கமிஷன் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்ற இரண்டையும் சொல்லக்கூடியவர் சேர்த்தவர் மட்டுமே. மறைந்திருப்பவரின் பெயரை நோக்கிப் போகும் வழி அவருடைய வாக்குமூலத்திலிருந்துதான் தொடங்குகிறது.